யார் காதில் விழ வேண்டும்?

அழைப்பிதழில் என் தலைப்பை 'வட்டார வழக்கும் மொழி மாற்றமும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கனமான தலைப்பு இருந்தால்தான் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று நமக்கு ஒரு நம்பிக்கை. நான் பேச வந்தது அதைவிடச் சின்ன விஷயம். என் அக்காவின் பேச்சு மாறிப்போனது, என் பேச்சு மாறவில்லை. ஏன்?

இருவரும் தாமிரபரணிக் கரையில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அக்காவைப் பத்தொன்பது வயதில் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நான் இருபத்திரண்டில் வேலைக்காகச் சென்னைக்கு வந்தேன். ஐந்தாறு வருடத்தில் அக்கா 'ஏனுங்க', 'என்ற ஊட்ல' என்று பேசத் தொடங்கிவிட்டாள். நானோ நாற்பது வருடம் சென்னையில் இருந்த பிறகும், ஆட்டோவில் ஏறி இடத்தைச் சொன்னால் போதும், 'சாருக்குத் திருநெல்வேலிப் பக்கமா?' என்கிறார் ஓட்டுநர். வாழைப்பழம் என் வாயில் இன்னும் வாளைப்பளம்தான். தமிழ் வாத்தியாருக்கு இது அழகா என்று கேட்பீர்கள். மேடையில் ழகரம் ஒழுங்காக வரும். பசித்தால் வராது.

நான் சொல்லும் இந்தச் சங்கதிக்குத் தமிழில் சரியான ஒற்றைச் சொல் புழக்கத்தில் இல்லை. வட்டார வழக்கு என்றால் உடனே சொற்பட்டியலுக்குப் போய்விடுகிறோம். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். பெருமாள்முருகன் கொங்குக்கும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் அதைச் செய்தார்கள். பெரிய காரியங்கள். ஆனால் அகராதியில் ஏறாத ஒன்று உண்டு. 'இழுத்துப் பேசுறான்', 'ராகம் போடுறா' என்று ஊரில் சொல்கிறோமே, அது. புது ஊருக்குப் போகிறவரிடம் சொற்கள்தான் முதலில் மாறும். கடைக்காரருக்குப் புரிந்தாக வேண்டுமே. ஒலி மெல்ல மாறும். ராகம் கடைசிவரை முரண்டு பிடிக்கும்.

கனடாவின் மொழியியலாளர் ஜாக் சேம்பர்ஸ் இங்கிலாந்தின் தென்பகுதிக்குக் குடிபெயர்ந்த கனடியப் பிள்ளைகள் ஆறு பேரை ஆராய்ந்து 1992-இல் எழுதினார். அங்கும் சொற்களே முந்திக்கொண்டன. ஏழு வயதுக்குள் போன பிள்ளை புது ஊர்ப் பேச்சை முழுக்கப் பிடித்துவிடும், பதினான்கைத் தாண்டியவருக்கு அது அநேகமாக முடியாது, நடுவில் இருப்பவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு.

அந்தப் பதினான்கு வயது எல்லைக்கு வேற்றுமொழியிலிருந்து ஓர் உதாரணம். ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் தம்பி வால்டரும் 1938-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள். இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். அண்ணனின் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை கடைசிவரை போகவில்லை. தம்பி அமெரிக்கராகவே பேசினார். காரணம் கேட்டபோது, 'எங்கள் வீட்டில் காதுகொடுத்துக் கேட்பவன் நான்தான்' என்கிற பொருளில் தம்பி சொன்னதாக ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

வயது முக்கியம்தான். ஆனால் அதோடு கதை முடிவதில்லை. பிலடெல்பியாவுக்கு வெளியே 'கிங் ஆப் பிரஷ்யா' என்று ஓர் ஊர். அங்கே ஆர்வில்லா பெய்ன் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கண்டார். பிலடெல்பியாப் பேச்சில் ஒரு குறிப்பிட்ட உயிரொலி எந்தச் சொல்லில் எப்படி ஒலிக்கும் என்பதற்குச் சிக்கலான வழக்கம் இருக்கிறது. பெற்றோர் வெளியூர்க்காரர்கள் என்றால், அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைக்குக்கூட அது முழுதாக வரவில்லை. மற்ற ஒலிகளையெல்லாம் தெருவில் பிடித்துக்கொண்டார்கள். இது மட்டும் அம்மா, அப்பா வாயிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது.

இப்போது எனக்குப் பிரியமான ஆய்வுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் மார்த்தாஸ் வினியார்ட் என்றொரு தீவு. 1960-களின் தொடக்கத்தில் நிரந்தரக் குடிகள் சுமார் ஆறாயிரம் பேர். கோடையில் பல்லாயிரம் பணக்கார விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். மீன்பிடி நொடித்துக்கொண்டிருந்தது, வீடுகள் வெளியார் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் வில்லியம் லபோவ் என்ற இளைஞர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அறுபத்தொன்பது தீவுக்காரர்களிடம் பேசினார். கட்டுரை 1963-இல் வெளிவந்தது. 'ஐ', 'ஔ' போன்ற இரண்டு ஈருயிர் ஒலிகளைத் தீவார் சற்று உள்ளடக்கிச் சொல்வது பழைய வழக்கம். அது தேய்ந்துகொண்டு போயிருக்க வேண்டும். மாறாக, முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட மீனவர்களிடம் அது கூடியிருந்தது. தாத்தாக்களைவிடப் பேரன்மார் பழைய மாதிரி பேசினார்கள்!

தீவின்மேல் பற்றுள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று லபோவ் பிரித்துப் பார்த்தார். 'ஐ' ஒலிக்கு அவர் போட்ட மதிப்பெண், பற்றுள்ளவர்களுக்கு 63, தீவைவிட்டுப் போக நினைத்தவர்களுக்கு 9. எனக்கு இந்த எண்ணைவிட மனதில் நிற்பது ஒரு தாய் சொன்னது. அவர் மகன் வெளியூரில் கல்லூரிப் படிப்பை முடித்து, வெளியே பிழைத்துப் பார்த்து, திரும்பித் தீவிலேயே தங்கிவிட்டவன். அவன் முன்பெல்லாம் இப்படிப் பேசமாட்டான், திரும்பி வந்த பிறகுதான் இப்படி, படகுத்துறையில் நிற்கிற ஆட்களைப்போல இருக்க நினைக்கிறான்போலும் என்றார் அந்த அம்மா. ஊர்ப்பேச்சைத் தொலைத்தவன் அதைத் தேடி எடுத்துக்கொண்டான், பெரியவனான பிறகு.

படகுத்துறை என்றதும் எனக்குச் சென்னையின் அண்ணாச்சி கடைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர்கள். கல்லாவில் இருப்பவர் அந்த ஊர், பொட்டலம் கட்டுகிற பையனும் அந்த ஊர், பெரும்பாலும் சொந்தக்காரப் பையன். ராத்திரி கடையிலேயே படுக்கை. ஊர்க் கோயில் கொடைக்கு எல்லோரும் ஒன்றாக ரயிலேறுவார்கள். வாடிக்கையாளர்களும் அவரை 'அண்ணாச்சி' என்றே கூப்பிட்டு அந்தப் பேச்சுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். அவர் ஏன் மாற வேண்டும்? ஊர்க்காரர் கடனுக்குச் சரக்கு கொடுப்பதும், கடைப்பையனுக்கு நாளை தனிக்கடை வைத்துக்கொடுப்பதும் அந்தப் பேச்சு ஓடுகிற வழியில்தான் நடக்கின்றன. அதே தெருவில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிற அவர் மகனுக்கு அந்த வழி தேவைப்படவில்லை. அவன் 'எங்க போறிய' என்பதை விட்டுவிட்டான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி அக்கா. புகுந்த வீட்டில் முதல் வாரம் 'மாமா வந்தாவ' என்றாளாம். கூடத்திலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாளும் சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லை, வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை பார்க்கப்பட்டவளுக்கு அங்கே பேச்சுத்துணைக்கு ஓர் ஊர்க்காரிகூட இல்லை. எனக்கு வேலை பார்த்த இடத்தில் ஊர்க்காரர் மூன்று பேர் இருந்தார்கள், தங்கியிருந்த மேன்ஷன் முழுக்க இருந்தார்கள். நான் பேச்சைக் கட்டிக் காப்பாற்றியதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை, எனக்கு நெருக்கடி வரவில்லை, அவ்வளவுதான். நம் மேடைகளில் 'மண்ணின் மொழியை மறக்காதவர்' என்று மாலை போடுகிறோமே, அந்த மாலைகள் பெரும்பாலும் ஆண்களுக்கே விழுவதன் காரணம் இதுவாக இருக்கலாம். பெண்கள் திருமணத்தோடு ஊரையும் பேச்சையும் சேர்த்து மாற்றிக்கொண்டார்கள்.

மாற்றிக்கொண்டாள் என்கிறேன், தொலைத்தாள் என்று சொல்லமாட்டேன். போனில் என் குரல் கேட்டதும் 'ஏல, சாப்ட்டியா?' என்பாள். அடுத்த நொடி பக்கத்திலிருக்கும் மருமகளிடம், 'தம்பிங்க, சென்னையிலிருந்துங்க.' நடுவில் ஒரு தடுமாற்றம் இருக்காது.

யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறுவதை ஈழத்தவரிடம் கூர்மையாகப் பார்க்கலாம். கதைக்கிறது, ஓம், வடிவு போன்ற சொற்கள் நமக்குத் தெரியும். ஒலியில் அவர்களுக்கு றகரம் ஆங்கில 'ட்' ஒலிக்கு நெருக்கமானது. ஆகவேதான் நமக்கு டொரண்டோவாக இருக்கும் நகரம் அவர்களுக்கு ரொறொன்ரோ, டிக்கெட் ரிக்கற். அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழ்கிறார்கள், பத்திரிகையிலும் அப்படியே எழுதுகிறார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் நிலை வேறு. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்தப் பேச்சு வெளியே கேட்டாலே வீட்டு உரிமையாளர் தயங்கினார், காவல்துறை விசாரித்தது.

என் வகுப்பில் ஒரு மாணவி. மூன்று வருடம் என்னிடம் படித்தாள். நல்ல சென்னைத் தமிழ், கொஞ்சம் வேகம் கூட. வடசென்னைப் பெண் என்று நினைத்திருந்தேன். கடைசிப் பருவத்தில் ஒருநாள் துறை அறையில் விடைத்தாள் கட்ட எனக்கு உதவிக்கொண்டிருந்தாள். கைபேசி அடித்தது. எடுத்து, 'ஓம் அம்மா, வாறன், ஆறு மணிக்குள்ள வந்திடுவன்' என்றாள். வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சணலின் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தேன். 'சார், அந்தக் கட்ட நான் முடிச்சிடறேன்' என்றாள்.