அளவுகோலும் அதைப் பிடிக்கும் கையும்: இந்தியத் தொழிற்கொள்கையில் சார்பற்ற ஆய்வு நிறுவனங்கள்

எந்தத் தொழிலை யார், எங்கே, எவ்வளவு முதலீட்டில் தொடங்கலாம் என்பதை உரிமம், வரி, வங்கிக் கடன், இறக்குமதிக் கட்டுப்பாடு, நிலம், மின்சாரம் ஆகியவற்றின் வழியாக அரசு நெறிப்படுத்தும் முறைக்குத் தொழிற்கொள்கை என்று பெயர். இக்கொள்கையில் ஆய்வு நிறுவனங்களின் பங்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவை அரசுக்கு அளித்த பரிந்துரைகளையே எண்ணிப் பார்க்கின்றனர். இந்தியாவில் அப்பரிந்துரைகளில் பல அச்சேறிய அளவிலேயே நின்றுபோயின. நிறுவனங்கள் பதித்த நிலைத்த தடத்தை வேறோர் இடத்தில்தான் தேட வேண்டும். நாட்டின் தொழில்களைப் பற்றி அரசு சொல்லும் எண்ணை வெளியார் ஒருவர் மீண்டும் கூட்டிப் பார்த்து, 'கணக்கு சரியில்லை' என்று சொல்ல முடியும் என்ற நிலையை உருவாக்கியதே அவற்றின் பெரும்பணி என்பதை நிறுவ இச்சொற்பொழிவு முயல்கிறது.

'சார்பற்ற' என்ற சொல்லை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. அரசுப் பணம் அறவே கலவாத பொருளாதார ஆய்வு நிறுவனங்களை இந்தியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், பணம் எங்கிருந்து வருகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து இச்சொல்லுக்குப் பொருள் கொண்டால் பேசுவதற்கே எதுவும் மிஞ்சாது. கேள்வியைத் தானே தேர்ந்துகொள்ளவும், கணக்கிட்ட முறையைப் பிறர் சோதிக்கும்படி திறந்து வைக்கவும், கொடையாளர்க்குக் கசக்கும் முடிவையும் வெளியிடவும் உரிமை பெற்ற நிறுவனமே இங்கே சார்பற்றது எனப்படுகிறது.

இவ்வகை நிறுவனங்களின் தொடக்கமே ஓர் அறக்கட்டளையில்தான் இருக்கிறது. சதாராவைச் சேர்ந்த ராவ் பகதூர் ஆர். ஆர். காலே இந்திய ஊழியர் சங்கத்துக்கு வழங்கிய கொடையைக் கொண்டு 1930இல் புனே நகரில் கோகலே அரசியல் பொருளியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியத் தொழில்களின் வளர்ச்சி வரலாற்றை 1924இலேயே நூலாக எழுதியிருந்த டி. ஆர். காட்கில் அதன் முதல் இயக்குநராகி, 1966 வரை அப்பொறுப்பில் இருந்தார். நெசவாளர், கன்னார் போன்ற நகரக் கைவினைஞரின் வாழ்நிலையை நேரில் சென்று விசாரித்து எழுதும் வழக்கத்தை அந்நிறுவனம் 1930களிலேயே கைக்கொண்டது. ஆலைகளின் உற்பத்தியையே தொழில் வளர்ச்சி என்று கொண்டாடிய காலத்தில், தறியோடும் பட்டறையோடும் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதே ஒருவகை எதிர்க்குரல்தான். காலேயின் பெயரில் ஆண்டுதோறும் நடந்த நினைவுச் சொற்பொழிவு வரிசையில் 1939 ஜனவரியில் பேசிய அம்பேத்கர், 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கூட்டாட்சித் திட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார் என்பதும் நினைக்கத் தக்கது. அரசின் திட்டத்தை ஆராய்ந்து மறுப்பதற்கு ஓர் அறக்கட்டளை மேடை போதுமானதாக இருந்தது.

விடுதலைக்குப் பின் டெல்லியில் 1956இல் என்.சி.ஏ.இ.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வு மன்றம் உருவாயிற்று. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிற்றுவித்து, பின்னர் ஐக்கிய நாடுகளின் ஆசிய, தூரகிழக்குப் பொருளாதார ஆணையத்தை நடத்திய பி. எஸ். லோகநாதன் அதன் முதல் தலைமை இயக்குநர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எந்த மூலப்பொருள், எவ்வளவு மின்சாரம், எந்தத் தொழிலுக்கு வாய்ப்பு என்று பட்டியலிட்ட தொழில்நுட்பப் பொருளாதார ஆய்வுகளை அம்மன்றம் வெளியிட்டது. மெட்ராஸ் மாநிலத்துக்கான நூலும் அவற்றுள் ஒன்று. மாநில அரசுகளுக்காகச் செய்யப்பட்ட பணி என்பதால் அவற்றில் கடுமையான விமரிசனத்தை எதிர்பார்க்க இயலாது. ஆயினும், டெல்லியிடம் ஆலை கேட்டுப் போகும் மாநிலத்தின் கையில் ஒரு கணக்கைக் கொடுத்தனுப்பிய பயன் அவற்றுக்கு உண்டு.

உரிமமுறையைப் பற்றிய ஆய்வில்தான் இந்நிறுவனங்களின் வலிமையும் வரம்பும் முதன்முதலாகத் தெளிவாகப் புலப்பட்டன. 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சியும் ஒழுங்குமுறையும்) சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட தொழில் ஒன்றைத் தொடங்கவோ குறிப்பிடத்தக்க அளவில் விரிவாக்கவோ மத்திய அரசின் உரிமம் பெற வேண்டியிருந்தது. பொருளாதார ஆற்றல் சில குடும்பங்களின் கையில் குவியாமல் தடுப்பது இம்முறையின் நோக்கங்களுள் ஒன்று. அது நிறைவேறியதா என்பதைப் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆர். கே. ஹசாரி திட்டக்குழுவின் கேட்புக்கு இணங்க ஆராய்ந்தார். எந்த நிறுவனம் எந்தத் தொழிற்குழுமத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைப் பங்குரிமையையும் இயக்குநர் பட்டியலையும் ஒப்பிட்டு அவர் முன்னரே வகைப்படுத்தியிருந்தார். அந்த வகைப்பாட்டை உரிம விண்ணப்பங்களின் மேல் பொருத்தியபோது, பெருங்குழுமங்கள், குறிப்பாகப் பிர்லா குழுமம், ஒரே பொருளுக்குப் பல விண்ணப்பங்களைப் போட்டு உரிமங்களை முன்கூட்டியே கைப்பற்றிக்கொண்டதும், அவற்றுள் பல செயலுக்கு வராமலே கிடந்து பிறர் நுழைவதற்கான வழியை அடைத்துக்கொண்டதும் வெளிப்பட்டன. குவிப்பைத் தடுக்கப் போட்ட வேலியே குவிப்புக்குக் காவலாகிவிட்டது.

ஹசாரியின் அறிக்கை 1967இல் நாடாளுமன்றத்தில் புயலைக் கிளப்பியது. உரிமமுறையை விசாரிக்க அதே ஆண்டில் அமைக்கப்பட்ட குழு, சுபிமல் தத் தலைமையில் 1969இல் தன் அறிக்கையை அளித்தது. அவ்வாண்டிலேயே முற்றுரிமைத் தடைச் சட்டம் நிறைவேறி, 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துடைய குழுமங்கள் தனி அனுமதி பெற வேண்டியதாயிற்று. ஆனால் ஹசாரி திரட்டிய சான்றுகள் இரு பக்கமும் பேசக்கூடியவை. உரிமமுறை தன் நோக்கத்தில் தோற்றது என்ற முடிவிலிருந்து கட்டுப்பாட்டை இன்னும் இறுக்க வேண்டும் என்று 1969இன் அரசு முடிவு கட்டியது. அதே முடிவிலிருந்து கட்டுப்பாட்டையே கைவிட வேண்டும் என்ற இடத்துக்குப் பின்வந்தவர்கள் சென்றனர். 1991 ஜூலை 24 அன்று வெளியான தொழிற்கொள்கை அறிக்கை 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு உரிமத்தை நீக்கி, முற்றுரிமைச் சட்டத்தின் சொத்து வரம்பையும் எடுத்தெறிந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடிதான் அந்த ஜூலையைக் கொண்டுவந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நெருக்கடி நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துவதற்கு ஆயத்தமான வாதங்களை வைத்திருந்ததே ஆய்வாளர்கள் செய்த பணி. ஒரு குறிப்பு: 1966இல் இக்கானமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியைத் தொடங்கிய சச்சின் சௌதுரி அவ்வாண்டே மறைந்தபின் அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவரும் இதே ஹசாரிதான். ஆய்வு நிறுவனங்களின் சண்டைகள் அந்த இதழின் பக்கங்களிலேயே நடந்தன. அது இல்லாதிருந்தால் பல அறிக்கைகள் அலமாரியிலேயே உறங்கியிருக்கும்.

அச்சண்டைகளுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. 1960களின் நடுவிலிருந்து தேங்கிக் கிடந்த இந்தியத் தொழில் வளர்ச்சியை ஆராய்ந்தவரும், பின்னாளில் இக்ரியர் என்னும் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான இஷர் ஜட்ஜ் அலுவாலியா, 1980களின் முற்பகுதியில் உற்பத்தித்திறன் திரும்பி எழுந்தது என்று 1991இல் வெளியான நூலில் வாதிட்டார். இங்கே உற்பத்தித்திறன் என்பது, உழைப்பும் மூலதனமும் கூடிய அளவைக் கழித்தபின் உற்பத்தியில் எஞ்சி நிற்கும் வளர்ச்சியாகும். அக்காலத்தில்தான் கட்டுப்பாடுகள் சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டன என்பதால், இம்முடிவு தாராளமயத்துக்கு ஒரு சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1994இல் புலாப்ரே பாலகிருஷ்ணனும், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த கே. புஷ்பாங்கதனும் அந்தத் திருப்பம் கணக்கு முறையின் விளைவே என்று எழுதினர்.

அவர்கள் சுட்டிய குறையை ஒரு நூற்பாலையை வைத்து விளக்கலாம். ஆலை முதலாண்டில் 100 ரூபாய்க்கு நூல் விற்கிறது. பஞ்சுக்கும் மின்சாரத்துக்கும் 60 ரூபாய் செலவாகிறது. மீதமுள்ள 40 ரூபாய்தான் ஆலை தானாகச் சேர்த்த மதிப்பு, அதாவது மதிப்புக்கூட்டல். மறு ஆண்டில் அதே எடை பஞ்சு, அதே அளவு மின்சாரம், அதே அளவு நூல். நூல் விலையும் மாறவில்லை. பஞ்சும் மின்சாரமும் மட்டும் பத்து விழுக்காடு மலிந்து 54 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மதிப்புக்கூட்டல் இப்போது 46 ரூபாய். இதை நூலின் விலைக் குறியீட்டால் மட்டும் வகுத்தால், அக்குறியீடு அசையாததால், ஆலையின் உண்மை வளர்ச்சி 15 விழுக்காடு என்று வரும். இது ஒற்றை விலைநீக்கம். நூலை நூல் விலையாலும் பஞ்சையும் மின்சாரத்தையும் அவற்றின் விலையாலும் தனித்தனியே வகுத்துக் கழித்தால் மீண்டும் 40 ரூபாயே நிற்கும். இது இரட்டை விலைநீக்கம். ஆலையில் ஒரு கதிர்கூடக் கூடுதலாகச் சுழலவில்லை. கணக்கேட்டில் மட்டும் தொழிற்புரட்சி நடந்திருக்கிறது. மூலப்பொருள்களின் ஒப்பீட்டு விலை 1970களில் ஏறி, 1980களில் இறங்கியதே திருப்பம்போல் தோன்றியது என்பது அவ்விருவரின் வாதம்.

அகமதாபாத் மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த, தோலகியா என்ற ஒரே குடும்பப்பெயர் கொண்ட ஆய்வாளர் இருவர், பாலகிருஷ்ணன், புஷ்பாங்கதன் ஆகியோரது மூலப்பொருள் குறியீட்டில் குறை கண்டு மறுத்தனர். டெல்லிப் பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தின் பிஸ்வநாத் கோல்டார் உள்ளிட்டோரும் இப்பொருளில் தொடர்ந்து எழுதினர். விவாதம் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எனினும் அதன் பின்னர் இத்துறையில் எழுதுவோர் எந்த விலைநீக்க முறையைக் கையாண்டோம் என்று சொல்லாமல் கடந்து போக முடியாமற் போயிற்று. 2015இல் நாட்டின் வருமானக் கணக்கு புதிய அடிப்படை ஆண்டுக்கு மாற்றப்பட்டு, கச்சா எண்ணெய் விலையும் சரிந்திருந்த வேளையில், ஆலைத்துறையின் வளர்ச்சி மிகைபடக் காட்டப்படுகிறது என்ற ஐயத்தை எழுப்பியவர்கள் கையிலெடுத்த கருவிகளுள் ஒன்று இதே இரட்டை விலைநீக்கம். மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் ஆர். நாகராஜ் அக்கணக்கின் நிறுவனத் தரவுகளையே கேள்விக்குள்ளாக்கினார். இருபதாண்டுக்கு முன் நடந்த சண்டை வீண்போகவில்லை.

மேற்சொன்ன 1994ஆம் ஆண்டு விவாதத்தில் இரு தரப்பும் சார்ந்து நின்ற ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மின்சாரம் கொண்டு பத்துப் பேரோ, மின்சாரமின்றி இருபது பேரோ வேலை செய்த பதிவுபெற்ற தொழிற்சாலைகளே பெரும்பாலும் அதில் இடம்பெற்றன. கட்டிங், தையல், காஜா, செக்கிங், அயனிங் என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கூரைகளின்கீழ் பரப்பிவைத்திருக்கும் திருப்பூர் போன்ற ஊர் இந்த வலையில் பாதி சிக்கும், பாதி நழுவும். மால்கம் ஆதிசேஷையா 1971இல் சென்னை அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் திருப்பூருக்கே சென்று, தொழில்நுட்ப அறிவு அங்கே எவ்வழியாகப் பரவுகிறது, யாருக்கு எட்டுகிறது என்று விசாரித்தனர். அப்பணியில் பத்மினி சுவாமிநாதனுடன் இணைந்திருந்த ஜெ. ஜெயரஞ்சன் 2021இல் தமிழ்நாடு திட்டக்குழுவின் துணைத்தலைவரானார்.

அதே திருப்பூரின் மறுபக்கக் கணக்கை எடுத்தது 1993இல் தொடங்கப்பட்ட சென்னைப் பொருளியல் பள்ளி. பனியன் ஏற்றுமதி ஈட்டிய அந்நியச் செலாவணி அரசின் ஒவ்வோர் அறிக்கையிலும் இடம்பெற்றது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணற்று நீரையும் வயலையும் உப்பாக்கிய இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பயிர், குடிநீர், மீன்வளம் என்று அவ்விழப்பைப் பிரித்து ரூபாயில் மதிப்பிடும் பணியை அப்பள்ளியின் ஆய்வாளர்கள் மேற்கொண்டனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்கு ஆய்வறிக்கைகளைவிட உழவர்களின் நீண்ட வழக்கே காரணம். ஆனாலும் 'வேலைவாய்ப்பு போய்விடும்' என்ற ஒரே வாதத்துக்கு எதிரே ஒரு தொகையை வைத்துப் பேச முடிந்ததில் அந்த மதிப்பீடுகளுக்குப் பங்குண்டு. தொழிற்கொள்கையின் வெற்றியை அளக்கும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவை அரசும் தொழிலதிபரும் மட்டுமே எடுத்துவிடக் கூடாது என்பதற்கு நொய்யலைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

இத்தகைய பணிகளுக்கு வேண்டிய பணம் இப்போது எவ்வகையில் வருகிறது என்பதே கவலைக்குரியது. 1969இல் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் மாநில அரசுகளோடு சேர்ந்து சில நிறுவனங்களுக்கு ஆண்டு நல்கை அளிக்கிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் 1977 முதல் அவ்வகையைச் சேர்ந்தது. நல்கை ஊதியத்துக்குப் போக, ஆய்வுக்கான செலவைத் துறைகளும் வெளிநாட்டு அறக்கட்டளைகளும் ஒப்படைக்கும் திட்டங்களிலிருந்தே தேட வேண்டியிருக்கிறது. திட்டம் என்றால் கேள்வி வெளியிலிருந்து வரும், காலக்கெடு ஆறு மாதமோ ஓராண்டோ இருக்கும், தரவு திட்டம் கொடுத்தவர் வசம் தங்கிவிடும். வெளிநாட்டு நிதியின் நிலையும் உறுதியற்றது: டெல்லிக் கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நன்கொடை அனுமதி 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. விதிமீறல் என்றது அரசு. இல்லை என்றது மையம்.

பணத்தைப் போலவே தரவும் வேண்டும். ஹசாரிக்கு உரிம விண்ணப்பங்களைப் பார்க்க முடிந்தது. இன்று மாநிலங்கள் முதலீட்டாளர்களோடு செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் எந்தச் சலுகை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, என்ன நிபந்தனையில் என்ற விவரம் வெளியாருக்கு முழுமையாகக் கிடைப்பது அரிது. பொதுப்பணத்தில் தரப்படும் சலுகையின் கணக்கைப் பொதுவில் வைப்பதை அரசுகள் சட்டக் கடமையாகவே ஏற்க வேண்டும்.

அறக்கட்டளை நிறுவும் எண்ணமுடையோரிடம் வைக்க வேண்டிய வேண்டுகோளும் ஒன்றுண்டு. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவும் அதை அச்சிட ஒரு சிறு நூலும் நல்லவைதாம். ஆனால் காலேயின் கொடை காட்கிலுக்கு முப்பத்தாறு ஆண்டு ஒரே நாற்காலியில் இருந்து வேலை செய்ய இடம் கொடுத்தது. அதில் ஆறில் ஒரு பங்கு காலம், எந்தத் துறையின் ஒப்படைப்புக்கும் காத்திராமல், ஓர் இளம் ஆய்வாளர் ஒரே தொழிலின் கணக்கை ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்க ஊதியம் தரும் அறக்கட்டளை ஒன்றைத் தமிழ்நாட்டுத் தொழில் முனைவோர் நிறுவ முன்வர வேண்டும்.