ஓடும்போது முட்டு வலிக்குன்னு பிள்ளை சொன்னா



எனக்குக் கொடுத்த தலைப்பு 'பிள்ளைகளின் ஆரோக்கியம்'. பெரிய தலைப்பு, 10 நிமிஷம்தான் நேரம். அதனால் முழுசையும் தொடாமல் காலை மட்டும் பேசுதேன். இப்போ விடியக்காலையில் கடற்கரைக்குப் போனா நம்ம பொம்பளைப் பிள்ளைகள் ஓடிக்கிட்டு இருக்கிறதைப் பார்க்கலாம். போலீஸ் தேர்வுக்கு ஓடுதாங்க. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிஷம் 30 விநாடியில் ஓடி முடிக்கணும். நம்ம அம்மாமார் காலத்தில் இந்தக் கரையில் எந்தப் பொம்பளைப் பிள்ளை ஓடுச்சு? அப்படி ஓட வந்த பிள்ளை, கால் வலிக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வீட்டில் வார பதில் ஒண்ணுதான். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு எதுக்கு ஓட்டம், பேசாம இரு."

என் மகளுக்கும் அதுதான் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறா, பள்ளிக்கூடத்தில் 400 மீட்டர் ஓடுவா. ஓடி வந்தா முட்டுச் சிப்பிக்குக் கீழே வலி. மாடிப்படி இறங்கும்போதும், ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும் வலி. எங்க அத்தை எண்ணெய் காய்ச்சித் தடவினாங்க. சுகமா இருக்குன்னு சொல்லுவா, மறுநாள் ஓடினா பழையபடி வலி. டவுனில் ஒரு கடையில், பாதம் தட்டையா இருக்கு, இதைப் போட்டா கால் நேராயிரும்னு சொல்லி 1,800 ரூபாய்க்கு ஷூவுக்குள்ளே வைக்கிற அட்டை ஒண்ணைத் தந்தாங்க. கால் அப்படியேதான் இருந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே எலும்பு டாக்டர் முதலில் படம் எடுக்கச் சொல்லலை. செருப்பைக் கழற்றச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து குதிகாலைப் பார்த்தார். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். தட்டையா இருந்த பாதத்தில் அப்போ வளைவு தெரிஞ்சது. வளைவு வந்தா அது இறுகிப்போன தட்டைப்பாதம் இல்லை, வலிக்காதவரைக்கும் அதுக்கு வைத்தியமும் வேண்டாம்னு சொன்னார். ரெண்டு முட்டையும் சேர்த்து வச்சு நிக்கச் சொல்லி, கணுக்கால் இடைவெளியை அளந்தார். பெரிசா இல்லை. அப்புறம் ஒத்தைக்காலில் நின்னு பாதி உட்காரச் சொன்னார். அங்கேதான் விஷயம் தெரிஞ்சது. உட்காரும்போது என் மகளோட முட்டு உள்பக்கமா சாஞ்சுச்சு, இடுப்பு ஒரு பக்கம் இறங்கிச்சு. நிக்கும்போது கால் நேராத்தான் இருக்கு, பாரம் வரும்போதுதான் கோணுது. எலும்பில் குறை இல்லை, இடுப்புப் பக்கத்துச் சதைக்குப் பலம் போதாது, அதனால் தொடை உள்ளே திரும்புது, முட்டுச் சிப்பி அதன் தடத்தில் சரியா ஓடலைன்னு விளக்கினார்.

எலும்பே கோணலா, இல்லை ஓடும்போது கோணுதா? இந்த வித்தியாசம் தெரியாமத்தான் நாம எண்ணெய்க்கும் அட்டைக்கும் காசைக் கொட்டுதோம்.

எலும்புக் கதை என்னன்னா, கைக்குழந்தைக்குக் கால் வில்லு மாதிரி வளைஞ்சுதான் இருக்கும். ரெண்டு வயசு வாக்கில் நிமிரும். மூணு நாலு வயசில் எதிர்ப்பக்கமா, முட்டு ரெண்டும் இடிக்கிற மாதிரி வரும். ஏழெட்டு வயசுக்குள்ளே அதுவும் சரியாயிரும். இது இயற்கை. ஆனா நம்ம வீட்டுப் பெரியவங்க, நான் குளிப்பாட்டும்போது நீவி நீவித்தான் நேராக்குனேன்னு பேர் வாங்கிக்கிடுவாங்க. வாங்கிட்டுப் போகட்டும், பலமா இழுக்காம இருந்தாச் சரி.

எட்டு வயசுக்கு மேலேயும் முட்டைச் சேர்த்து வச்சா கணுக்கால் நடுவே நாலு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கா, ஒரு கால் மட்டும் வளையுதா, வருஷத்துக்கு வருஷம் கூடுதா, அப்போ கட்டாயம் காட்டணும். வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்துக் குறைஞ்சாலும் கால் வளையும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணியில் இருந்த புளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டதும், அதுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் உங்களில் பல பேருக்குத் தெரியும். வளருகிற வயசில் காட்டினா முட்டுப் பக்கத்தில் சின்னத் தகடு ஒண்ணு வச்சு, வளர்ச்சியைக் கொண்டே காலைத் திருப்பிடுதாங்க. வளர்ச்சி நின்ன பிறகு போனா எலும்பை வெட்டித்தான் நேராக்கணும். பொம்பளைப் பிள்ளைக்கு அந்த வளர்ச்சி 14 வயசு வாக்கில் நின்னுரும். பெரிய மனுஷியானாச் சரியாயிரும்னு காத்திருந்தா நல்ல நேரம் போயிரும். மத்திய போலீஸ் படைகளுக்கு ஆள் எடுக்கும்போது முட்டு இடிக்கிறவங்களையும் தட்டைப்பாதம் உள்ளவங்களையும் மருத்துவப் பரிசோதனையில் ஒதுக்கிருதாங்க. 20 வயசில் அங்கே போய்த் தெரியுறதைவிட 8 வயசில் தெரியுறது மேல்.

இன்னும் ஒண்ணு. இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தா சில பிள்ளைக்கு முட்டில்தான் வலி தெரியும். நொண்டினாலோ, ராத்திரி வலியில் முழிச்சாலோ, வீக்கம், காய்ச்சல் இருந்தாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

என் மகளுக்கு இயன்முறை மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சிக்கு ஒரு பாயும் ஒரு படிக்கட்டும் போதும். முதல் பயிற்சி நம்ம முத்துச்சிப்பிதான். ஒருக்களிச்சுப் படுத்து, முட்டு ரெண்டையும் மடக்கி, பாதம் ரெண்டும் ஒட்டினபடியே இருக்க, மேல் முட்டை மட்டும் சிப்பி வாய் திறக்கிற மாதிரி மெள்ளத் திறந்து மூடணும். இடுப்பு பின்னால் சாயக் கூடாது. சாஞ்சா சதைக்கு வேலை இல்லை, சும்மா ஆட்டுறதுதான். ரெண்டாவது, மல்லாந்து படுத்து முட்டை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்துறது. மூணாவதுதான் கஷ்டம். படியில் ஒத்தைக்காலில் நின்னு, மற்ற காலின் குதியை மெதுவா கீழ்ப்படிக்கு இறக்கணும், இறங்கும்போது முட்டு ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் மரப்பலகையைப் போட்டுச் செய்யச் சொன்னேன், முட்டு உள்ளே போறதை அவளே பார்த்துத் திருத்திக்கிட்டா. வாரத்துக்கு மூணு நாள். லேசா வலிச்சாப் பரவாயில்லை, மறுநாள் கூடியிருந்தா எண்ணிக்கையைக் குறைக்கணும்.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லலை, பாதியாக் குறைக்கச் சொன்னாங்க. காலை எட்டிப் போடாம அடியைக் குறுக்கி ஓடச் சொன்னாங்க. எங்கே ஓடுறான்னும் கேட்டாங்க. அலை ஓரம்னு சொன்னோம். அலை ஓரத்து மணல் கடலைப் பார்த்துச் சரிவா இருக்கும். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். தினமும் ஒரே பக்கமா ஓடினா ஒரு காலுக்கு மட்டும் பாரம். இப்போ உப்பளத்து வண்டித்தடத்தில் சமதரையில் ஓடுதா. குழுவில் எடுத்த கடனில் அளவான ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறாவது வாரம் படி இறங்கும் வலி போச்சு. மூணு மாசத்தில் முழு ஓட்டம் ஓடினா. பாதம் இன்னும் தட்டைதான், ஆனா வலி இல்லை. பிரேசில் நாட்டுப் பந்து வீரர் கரிஞ்சாவுக்கு ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வளைஞ்சிருந்ததாம். 1958, 1962 ரெண்டு உலகக் கோப்பையும் ஜெயிச்ச அணியில் அவர் இருந்தார். பார்வைக்குக் கோணலா இருக்கிற கால் எல்லாம் வலிக்காது.

எங்கே போறதுன்னு கேப்பீங்க. அங்கன்வாடிக்கு வருஷத்தில் ரெண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் பிள்ளைகளைச் சோதிக்க டாக்டர் குழு வருது. அன்னைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீங்க, வலியை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்க. பிறக்கும்போதே பாதம் உள்ளே திரும்பின குழந்தைக்கும் அவங்க வழியா வைத்தியம் உண்டு. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றித் திருப்பி, அப்புறம் நாலு வயசு வரை ராத்திரி விசேஷ ஷூ போடணும். கால் நேராயிருச்சேன்னு அந்த ஷூவைப் பாதியில் கழற்றினா மறுபடி திரும்பிரும். 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வாரவங்க நம்ம குழுப் பெண்கள்தான். அவங்ககிட்ட கேட்டா இயன்முறை மருத்துவர் எந்த நாளில் வாராருன்னு சொல்லுவாங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் பின்பக்கத் திண்ணையில் பாய் விரிச்சு வைக்கேன். சிப்பிப் பயிற்சியைச் செஞ்சு காட்டுதேன், பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தவங்க வாங்க. சேலையோட படுத்துச் செய்யலாமான்னு இப்பவே ஒரு மதினி கேக்குறாங்க. செய்யலாம், நான் அப்படித்தான் செய்யுதேன்.