இறாலின் கண்ணும் தட்டானின் சிறகும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்கும் ஹார்மோனுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. வயிற்றுப் பிழைப்பால் வந்த சம்பந்தம்தான். கிழக்குக் கடற்கரை ஓரம் உள்ள இறால் ஹேட்சரிகளுக்கு பம்ப், ஏரேட்டர் எல்லாம் பொருத்திக் கொடுப்பது என் தொழில். அங்கே ஒரு வேலை நடக்கும். கையில் தாய் இறாலைப் பிடித்து, சூடாக்கிய இடுக்கியால் அதன் ஒரு கண்ணைக் காம்போடு நசுக்கி எடுப்பார்கள். சில நாளில் சினை பிடிக்கும். முட்டை போடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணுக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "அது அப்படித்தான் சார்" என்றார்கள். எஞ்சினியரிடம் சொல்லக் கூடாத பதில் அது!

தேடிப் படித்தேன். இறாலின் கண்காம்புக்குள் ஒரு சின்ன சுரப்பி இருக்கிறது. நரம்புச் செல்கள் தயாரிக்கும் குட்டிப் புரதங்களை, அதாவது நியூரோபெப்டைடுகளை, அது சேர்த்து வைத்து ரத்தத்தில் விடுகிறது. ஒன்று சினைப்பையை வளரவிடாமல் தடுக்கும். இன்னொன்று தோலுரிப்பைத் தடுக்கும். ஆக, கண்காம்பு என்பது பிரேக். கண்ணை எடுப்பது பிரேக் ஒயரை அறுப்பது. 1943-லேயே பானூஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் அதே காம்பிலிருந்துதான் ரத்தச் சர்க்கரையைக் கவனிக்கும் ஹார்மோனும் வருகிறது. பிரேக்கோடு சேர்த்து மற்ற ஒயரையும் அறுத்துவிடுகிறோம். அதனால்தான் கண் போன தாய் சீக்கிரம் களைத்துப் போகிறது. போகப் போக முட்டையின் தரமும் குறைகிறது.

பூச்சியில் கதை தலைகீழ். ஸ்டெஃபான் கோபெச் என்ற போலந்துக்காரர், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்பளிப்பூச்சியின் உடம்பில் நடுவே நூலால் இறுக்கிக் கட்டினார். முன்பாதி கூட்டுப்புழு ஆனது. பின்பாதி கம்பளிப்பூச்சியாகவே கிடந்தது. சில நாள் தள்ளிக் கட்டினால் இரண்டு பாதியும் மாறின. மூளையை எடுத்துவிட்டால் மாற்றமே இல்லை. மூளை ரத்தம் வழியே ஏதோ உத்தரவு அனுப்புகிறது என்று அவர் சொன்னதை ரொம்ப நாள் யாரும் சட்டை செய்யவில்லை. நூலும் கத்தரியும் வைத்துச் செய்த வேலை! 1941-இல் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த உத்தரவைப் பிடிக்க ஜப்பானியர் லட்சக்கணக்கில் பட்டுப்பூச்சித் தலைகளை அரைத்தார்கள். அது தோலுரிப்புச் சுரப்பியை முடுக்கிவிடும் நியூரோபெப்டைடு. இறாலுக்கு பிரேக், பூச்சிக்கு ஆக்ஸிலரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நம் பக்கம் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். வால் பிடித்து விளையாடாதவர் இந்த ஹாலில் யாரும் இருக்க முடியாது. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன், இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போவதாக 2009-இல் எழுதினார். அதற்கு எரிபொருள்? உடம்புக் கொழுப்பு. பூச்சி நெடுநேரம் பறக்கும்போது, மூளைக்குப் பின்னால் உள்ள சுரப்பி ஒரு பெப்டைடை விடும். கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறி இறக்கைத் தசைக்குப் போகும். இதை முதலில் வெட்டுக்கிளியில் 1976-இல் கண்டுபிடித்தார்கள். பத்தே அமினோ அமிலம். தட்டானிலும் இதே குடும்பத்து ஹார்மோன் உண்டு.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான்கு வருடம் முன்பு, 1972-இல், வடகடல் இறாலின் கண்காம்பில் நிறத்தைச் சுருக்கும் ஒரு ஹார்மோனின் அமைப்பைக் கண்டிருந்தார்கள். எட்டு அமினோ அமிலம். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி! இறாலுடையதை வெட்டுக்கிளிக்குப் போட்டால் கொழுப்பு கரைகிறது. வெட்டுக்கிளியுடையதை இறாலுக்குப் போட்டால் நிறம் சுருங்குகிறது. பாம்பன் பாலத்துக்கு மேலே பறப்பதும் கீழே நீந்துவதும் சொந்தக்காரர்கள்.

சரி, கண்ணை வெட்டாமல் முடியாதா? முடியும் என்றுதான் தோன்றுகிறது. தாய்லாந்தில் அந்தத் தடுப்பு ஹார்மோனின் மரபணுவை மட்டும் அடக்கி, கண்ணைத் தொடாமலே டைகர் இறாலை முட்டையிட வைத்திருக்கிறார்கள். 2009-க்குப் பிறகு நம் நாட்டுக்கு வந்த வனாமியில் நல்ல தீனி, நல்ல தாய்களைத் தேர்ந்தெடுப்பது, வெளிச்சம், சூடு இவற்றை ஒழுங்காக வைத்தாலே போதும் என்று பிற நாட்டு ஹேட்சரிகள் காட்டுகின்றன. பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த சட்டம் இறாலையும் நண்டையும் வலி உணரும் உயிர்களோடு சேர்த்துவிட்டது. நாளைக்கு வாங்குகிறவன் கேட்கத்தான் போகிறான். ஹேட்சரிக்காரரைக் குறை சொல்லவில்லை. கண் வெட்டினால் எல்லாத் தாயும் ஒரே வாரத்தில் தயாராகும், ஆர்டருக்கு நாள் குறிக்கலாம். அவருக்கு அந்த நாள்தான் காசு. வெளிச்சமும் சூடும் தானாக ஓடும் தொட்டி ஒன்றை நான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் யாராவது கை கொடுத்தால் மீதியும் முடியும்.

இன்னொரு விண்ணப்பம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது. 1971 வரை அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. இன்றும் அதன் மையம் மண்டபம் முகாமில் இருக்கிறது. நம் பிள்ளைகளை வருடம் ஒரு தடவை அங்கே அழைத்துப் போகலாம். பஸ் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்ளும். முதல்வர் அவர்கள் தேதி மட்டும் சொன்னால் போதும்.