சுடர் என்னும் சொல்



நூற்றாண்டு மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் சொல் சுடர். அறிவுச்சுடர் என்கிறோம். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஒலிம்பிக் சுடர் ஏந்தி ஓடினோம். பிள்ளைகளுக்குச் சுடர்விழி, சுடர்க்கொடி என்று பெயர் வைக்கிறோம். இவ்வளவு பழகிய சொல்லின் பொருளைச் சற்று நின்று பார்ப்போம்.

ஒளி என்பது பொதுச்சொல். கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதும் ஒளிதான். சுடரோ 'சுடு' என்பதோடு உறவுள்ள சொல். திருக்குறளிலே, தவம் என்ற அதிகாரத்தில், நெருப்பிலிட்ட பொன்னைச் சொல்லும்போது வள்ளுவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். சூடு பட்ட பிறகு வரும் பிரகாசம் அது. ஞாயிறு, திங்கள், தீ மூன்றையும் முச்சுடர் என்றார்கள். சுடாத நிலவுக்கும் அங்கே இடமுண்டு, இருட்டில் வழிகாட்டுவதால்.

பெண்களுக்கும் இந்தச் சொல் சொந்தம். கலித்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டிலே, ஒருத்தி தன் தோழியைச் 'சுடர்த்தொடி' என்று விளிக்கிறாள். ஒளிவிடும் வளையல் அணிந்தவளே என்பது பொருள். விளித்துவிட்டுச் சொல்வது என்ன? சிறுவயதில் தங்கள் மணல்வீட்டைக் காலால் சிதைத்த குறும்பன் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்த கதையை! விடுதியில் விளக்கு நூர்த்த பிறகு நாங்கள் பேசிய பேச்சுக்கு எவ்வளவு பழைய முன்னோடி, பாருங்கள்.

ஆனால் இந்தச் சொல்லின் முழுப் பொருளை எங்களுக்குக் கற்றுத் தந்தது அகராதி அல்ல, ஜாம் போத்தல் விளக்கு. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. வெறும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அளந்து எண்ணெய் விட்டு, சின்னத் திரியொன்று செருகினோம். அந்த வெளிச்சம் ஒரு புத்தகத்துக்குத்தான் போதும். அதைச் சுற்றி மூன்று நாலு பேர் குனிந்திருந்தோம். காற்று வந்தால் கையால் மறைத்தோம். திரி கருகினால் தூண்டினோம். அப்படிப் படித்துத்தான் சோதனை எழுதினோம்.

சுடர் தானாக நிற்பதில்லை. எண்ணெய் விட ஒருவர், திரி தூண்ட ஒருவர், காற்றுக்கு மறைவாக ஒருவர் வேண்டும். வீட்டில் அம்மாவும் கல்லூரியில் ஆசிரியர்களும் எங்களுக்கு அப்படி இருந்தார்கள்.

இன்றும் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்துக் காசு இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்த நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மங்கல விளக்கேற்றிப் படம் எடுத்துக்கொள்வதோடு எங்கள் பங்கு முடிந்துவிடாது. ஒவ்வொரு வகுப்புத் தோழிகளும் சேர்ந்து ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பொறுப்பெடுப்போம். சுடர் என்ற சொல்லை மேடையில் சொல்லும் உரிமை அப்போதுதான் எங்களுக்கு உண்டு.