நம்பர் யாருடையது?



திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு நாம எதுக்குப் போறோம்? முன்பெல்லாம் பாதி அலைச்சல் விசாரிக்கிறதுக்குத்தான். பேங்க்ல பணம் ஏறிருச்சா, ஆபீசர் இருக்காரா என்று கேட்கப் போய், "நாளைக்கு வாங்கம்மா" என்ற பதிலோடு திரும்புவோம். சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளையிடம் பேச மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்தில் காத்துக்கிடப்போம். மீட்டர் ஓடுற ஓட்டத்தைப் பார்த்தாலே சொல்ல வந்தது பாதி மறந்துபோகும்.

நாட்டின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் நடந்தது. நம்ம கைக்கு வர இன்னும் பல வருஷமாச்சு. இப்போ அந்த பூத்துகளைத் தேடினாலும் கிடைக்காது. வடகாடு பக்கம் பூ பறிக்கிறவங்க கீரமங்கலம் மார்க்கெட் விலையைத் தோட்டத்தில் நின்றே கேட்டுக்கலாம். அதனால் டவுன் சுருங்கிவிடவில்லை. 2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சியே ஆகிவிட்டது. வாங்க, விற்க, வைத்தியம் பார்க்க இன்னும் போகிறோம். விசாரிக்கப் போகிற நடைதான் குறைந்திருக்கிறது.

ஆனால் யாருக்குக் குறைந்தது? சேமிப்பது நாம், கணக்கு நம்ம பேரில். பேங்க் எஸ்.எம்.எஸ். மட்டும் மகன் போனுக்கு! உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் ஏறிய சேதியும் அங்கேதான். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் நம்ம கணக்கு விவரமும் கூடவே பஸ் ஏறிவிடுகிறது. நமக்குப் பழையபடி பேங்க் வரிசைதான்.

சைக்கிளும் முன்னே இப்படித்தான் இருந்தது. வீட்டில் நிற்கும், ஓட்டுவது ஆம்பளைங்க. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் நம்ம மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசினவங்களும் உண்டு. பேசட்டும் என்றுதான் மிதித்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் டவுனுக்குப் போய் வர முடிந்தது.

"எனக்குப் பட்டன் போன்தானே" என்று ஒதுங்க வேண்டாம். கென்யாவில் 2007-லேயே, நகரத்தில் வேலை பார்த்தவர்கள் சாதாரண போனிலிருந்து கிராமத்து வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். எம்-பெசா என்று அதற்குப் பேர். நம்ம நாட்டிலும் பட்டன் போனில் *99# அழுத்தி இருப்பு பார்க்கலாம். அதற்கு பேங்கில் நம்ம சொந்த நம்பர் பதிவாகியிருக்கணும்.

நம்பர் நம்முடையதானால் ஏமாற்றுக்காரன் போனும் நமக்கே வரும். ஓ.டி.பி.யை பேங்க்காரர் என்று சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீங்க. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடிங்க. வீட்டில் திட்டுவாங்களே என்று மறைத்தால் நேரம்தான் போகும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பாஸ்புத்தகத்தோடு போனையும் கொண்டு வாங்க. யாருடைய எஸ்.எம்.எஸ். எந்த நம்பருக்குப் போகுது என்று நோட்டில் எழுதுவோம். மாற்ற வேண்டியவங்க ஆதாரை எடுத்துக்கிட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து பேங்குக்குப் போய் வரலாம்.