எந்த வீட்டுக்கு முதலில் போவது?

ஒரு வீட்டைச் சட்டவிரோதமாகச் சிறுசிறு அறைகளாகத் தடுத்து, தாங்கும் அளவைவிடப் பல மடங்கு ஆட்களைக் குடிவைப்பது நியூயார்க்கில் பழைய சிக்கல். தீப்பிடித்தால் தப்ப வழியிருக்காது. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 25,000 புகார்கள் வந்தன. கட்டட ஆய்வாளர்களோ 200 பேர்தான் இருந்தார்கள்.

மேயர் புளூம்பெர்க் காலத்தில் மைக் ஃபிளவர்ஸ் தலைமையிலான குழு, துறைதுறையாகச் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒன்றுசேர்த்தது. சொத்துவரி பாக்கி, வழக்கத்துக்கு மாறான மின்சாரப் பயன்பாடு, ஆம்புலன்ஸ் வந்துபோன விவரம், எலித்தொல்லைப் புகார் எல்லாவற்றையும், எந்த வீட்டில் ஆபத்து அதிகம் என்று கணிக்க, ஐந்தாண்டுத் தீவிபத்துகளோடு ஒப்பிட்டார்கள்.

அதோடு நிற்காமல் ஆய்வாளர்களுடன் தெருவுக்கும் போனார்கள். நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அனுபவமுள்ள ஓர் ஆய்வாளர் ஒரு கட்டடத்தைப் பார்த்ததுமே, இங்கே ஆபத்திருக்காது என்றார். காரணம், வெளிச்சுவரில் புதிய செங்கல் வேலை. உரிமையாளர் அக்கறையோடு பராமரிக்கிறார் என்று அர்த்தம். உடனே செங்கல் வேலைக்கான அனுமதிப் பதிவுகளும் கணக்கில் சேர்ந்தன.

முன்பெல்லாம் நூறு ஆய்வுகளில் 13-இல்தான் குடியிருப்போரை வெளியேற்றும் அளவுக்கு ஆபத்து தென்பட்டது. பிறகு அது 70-ஐத் தாண்டியது. ஆய்வாளர்கள் அதே 200 பேர்தான்.