வண்டி காட்டும் வெப்பமும் வானிலைத் துறை கூறும் வெப்பமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் வெளி வெப்பநிலை என்று ஓர் எண் ஒளிர்கிறதே, அந்த எண் எவ்வளவு உண்மை என்பதே அப்பொருள். நம் சமுதாய இளைஞர்களில் வாடகைக் கார் ஓட்டுவோர் பலர். லாரியும் வேனும் ஓட்டுவோர் பலர். கோடை பிறந்துவிட்டால் அவர்கள் அந்த எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "இன்று நம் ஊரில் 49 டிகிரி" என்று ஒரு படம் வருகிறது. அதே நாளில் வானிலைத் துறை 41 டிகிரி என்று அறிவிக்கிறது. உடனே ஒருவர், "அரசாங்கம் உண்மையை மறைக்கிறது" என்கிறார். மற்றொருவர், "கார்க்கருவி வெறும் விளையாட்டுப் பொருள்" என்கிறார். இரு சாராரும் ஆராயாமலே தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். கல்வி கற்றவர்கள் செய்ய வேண்டியது அதுவன்று. எதை அளந்தார்கள், எங்கே அளந்தார்கள், எதற்காக அளந்தார்கள் என்று கேட்பதே அவர்கள் கடமை.

முதலில் கருவியைப் பார்ப்போம். வண்டியில் இருப்பது பாதரச வெப்பமானி அன்று. தெர்மிஸ்டர் என்னும் சிறு மின்பொருள். வெப்பம் ஏறும்போது இதன் மின்தடை குறைகிறது. குளிர் மிகும்போது மின்தடை கூடுகிறது. இத்தகைய பண்பு சில பொருள்களுக்கு உண்டு என்பதை 1833-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே வெள்ளிச் சல்பைடில் கண்டறிந்தார். ஏழைக் கொல்லனின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்று, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர் அவர் என்பதை நம் மாணவர்கள் நினைவில் கொள்வது நல்லது. வண்டியிலுள்ள சிறு கணினி அந்த மின்தடையை அளந்து, அதை டிகிரிக் கணக்காக மாற்றி நமக்குக் காட்டுகிறது. கருவி நன்னிலையில் இருந்தால் அதன் பிழை பெரும்பாலும் ஓரிரண்டு டிகிரிக்குள் அடங்கும். எனவே குறை கருவியில் இல்லை. பின் எங்கே இருக்கிறது? அது பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது.

பெரும்பாலான கார்களில் இது முன்புறப் பம்பருக்குப் பின்னே, ரேடியேட்டருக்கு முன்னே பொருத்தப்படுகிறது. சில வண்டிகளில் பக்கக் கண்ணாடியின் அடிப்புறத்தில் இருக்கும். பம்பருக்குள் இருக்கும் கருவி தரையிலிருந்து ஏறத்தாழ முழங்கால் உயரத்தில் நிற்கிறது. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டும். அதை ஒட்டிய காற்று, நம் முகத்தருகே உள்ள காற்றைவிடச் சூடாகவே இருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்க்காற்று கருவியின்மேல் இடைவிடாது பாய்ந்து, தேங்கிய வெப்பத்தைத் துடைத்துச் செல்கிறது. வண்டி நின்றுவிட்டாலோ எஞ்சினின் வெப்பமும், ரேடியேட்டரின் வெப்பமும், வெயிலில் காய்ந்த பம்பரின் வெப்பமும் ஒன்றுசேர்ந்து அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. அந்நேரத்தில் கருவி பொய் சொல்லவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தை உள்ளபடியே சொல்கிறது. ஆனால் அது ஊரின் வெப்பம் அன்று. பம்பருக்குள் அடைபட்ட காற்றின் வெப்பம்.

வண்டியை வடிவமைத்த பொறியாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். எனவே பல வண்டிகளில் கணினிக்கு ஒரு விதி கற்பித்திருக்கிறார்கள். அளவு இறங்கினால் உடனே காட்டு; ஏறினால், வண்டி போதிய வேகத்தில் சிறிது நேரம் ஓடிய பின்னரே காட்டு என்பது அவ்விதி. எஞ்சினை நிறுத்திச் சற்று நேரத்தில் மீண்டும் கிளப்பினால், முன்பு நினைவில் இருந்த பழைய எண்ணையே காட்டும் வண்டிகளும் உண்டு. ஆகவே நாம் காணும் எண், அந்த நொடியின் அளவாக இல்லாமல் அரைமணி நேரத்துக்கு முந்தைய அளவாகவும் இருக்கக்கூடும். மழையில் கருவி நனைந்தால், நீர் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியால் உண்மையைவிடக் குறைத்தும் காட்டும்.

ஓட்டுநர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியையும் கூறுகிறேன். சித்திரை வெயிலில் உங்கள் வண்டி திடீரென்று −40 டிகிரி என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். கம்பி அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது என்று பொருள். அறுந்த கம்பியில் மின்தடை எல்லையற்றது. மின்தடை மிகுந்தால் கடுங்குளிர் என்றுதானே கணினிக்குக் கற்பித்திருக்கிறார்கள்? அது தான் காட்டக்கூடிய கடைசி எண்ணைக் காட்டுகிறது. விபத்துக்குப் பின் பம்பரைப் பழுது பார்த்தவர் கருவியை அதன் இடத்தில் பொருத்தாமல் ரேடியேட்டரின் மேல் தொங்கவிட்டுவிட்டால், எந்நாளும் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் வியப்பில்லை.

இனி வானிலைத் துறை எவ்வாறு அளக்கிறது என்று பார்ப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தோன்றியது. அது பயன்படுத்தும் முறைக்கு அடிப்படை, ஸ்காட்லாந்து நாட்டுக் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் அமைத்த பெட்டி. வெள்ளை வண்ணம் பூசிய மரப்பெட்டி. நான்கு புறமும் காற்று நுழையும் சாய்வுப் பலகைகள். வெயில் உள்ளே விழாதவாறு வடக்கு நோக்கிய கதவு. இது திறந்த வெளியில், தார் இல்லாத மண் அல்லது புல் தரையில் நிற்கும். வெப்பமானி தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் இருக்கும். இன்று தானியங்கி நிலையங்கள் வந்துவிட்ட போதிலும், நிழலில், காற்றோட்டத்தில், தரைச் சூட்டுக்கு மேலே அளக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. உலகமெங்கும் ஒரே முறையில் அளந்தால்தான் மதுரையையும் மாஸ்கோவையும், நேற்றையும் இன்றையும் ஒப்பிட இயலும்.

இவ்விதிகளைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், லிபியா நாட்டின் எல் அசீசியா என்னுமிடத்தில் 58 டிகிரி வெப்பம் பதிவானதாக எழுதி வைத்தனர். உலகின் மிக உயர்ந்த வெப்பம் என்று பாடநூல்கள் தொண்ணூறு ஆண்டுகள் அதனைப் போற்றின. 2012-இல் உலக வானிலை அமைப்பு அதனைத் தள்ளுபடி செய்தது. பயிற்சியற்ற ஒருவர் புதிதாக அளவெடுக்க வந்திருக்க வேண்டும் என்பதும், பழைய வகை வெப்பமானியில் தவறான முனையைப் படித்திருக்கக்கூடும் என்பதும், கருவி நின்ற இடத்தின் தரை தார் போன்ற பொருளால் ஆனது என்பதும் அறிஞர்கள் கூறிய காரணங்களுள் அடங்கும். பிழை சுமார் ஏழு டிகிரி இருக்கலாம் என்று கணித்தார்கள். அச்சேறிவிட்ட எண்ணும் ஆய்வுக்கு உட்பட்டதே என்பதை இதிலிருந்து நாம் கற்க வேண்டும்.

அப்படியானால் வண்டியின் எண்ணை எப்போது நம்பலாம்? நெரிசலற்ற சாலையில் நல்ல வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பின் காட்டுவதை ஓரளவு நம்பலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடியற்காலையில் எஞ்சின் சூடேறுமுன் காட்டுவதையும் நம்பலாம். அந்நேரத்தில் பள்ளி ஆய்வகத்து வெப்பமானி ஒன்றை அருகே நிழலில் தொங்கவிட்டு ஒப்பிட்டால், உங்கள் வண்டிக் கருவியின் பிழை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டியின் எண்ணையும், சிக்னலில் நின்ற வண்டியின் எண்ணையும் ஊருக்கு அறிவிக்காதீர்கள்.

நண்பர்களே! இதுவரை கூறியது அறிவியல். இதனை ஏன் இந்த மேடையில் கூறுகிறேன் என்பதை இனிச் சொல்கிறேன்.

நிழலில் அளந்த 41 டிகிரி என்பது நிழலில் இருப்பவனுக்கு உரிய எண். நம் மக்களில் பெரும்பாலோர் நண்பகலில் நிழலில் இருப்பவர்கள் அல்லர். வயலில் களை பறிக்கும் தாய்க்கும், செங்கற் சூளையில் நிற்கும் தந்தைக்கும், சாலையில் தார் ஊற்றும் தம்பிக்கும் காற்றின் வெப்பத்தோடு வெயிலின் வெப்பமும், தரையின் வெப்பமும், காற்றின் ஈரமும் சேர்ந்தே பகையாகின்றன. குளிரூட்டிய காரில் வந்து இறங்கும் குத்தகைதாரர், "37 டிகிரிதானே காட்டுகிறது, வேலை நடக்கட்டும்" என்று கூறினால், அந்த எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு தவறானது.

உழைப்பவர் உடலுக்கு உரிய அளவும் ஒன்று உண்டு. 1950-களில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பயிற்சியின்போது வெப்பத்தால் வீழ்ந்ததை ஆராய்ந்து அதனை வகுத்தார்கள். நூறு பங்கில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 பங்கும், வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானிக்கு 20 பங்கும், சாதாரண வெப்பமானிக்கு 10 பங்கு மட்டுமே கொடுத்தார்கள். நாம் நாள்தோறும் சச்சரவிடும் எண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கே மதிப்பு! வியர்வை உலர வழியின்றிக் காற்று ஈரமாக இருந்தால், கடற்கரையின் 36 டிகிரி உள்நாட்டின் 40 டிகிரியைவிடக் கொடியதாகலாம். வானிலைத் துறையும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே, வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடற்கரையில் 37 டிகிரியையும் தொடக்க எல்லையாகக் கொண்டு, வழக்கமான அளவைவிட எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு நிவாரணம் வழங்க வழி செய்தது. உரிமை கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது காரின் படம் அன்று. நாளும் நேரமும் இடமும் முறையும் குறித்த பதிவு.

எண்களை எவ்வாறு கேள்வி கேட்பது என்பதை நமக்குக் கற்பித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1932-இல் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். சில மாகாணங்களில் தீண்டப்படாதோர் மிகச் சிலரே என்று சாதி இந்துக்கள் சாதித்தபோது, அவர் அவ்வெண்ணைக் கண்டு அடங்கவில்லை. எந்த விளக்கத்தைக் கொண்டு, யார், எப்படி எண்ணினார்கள் என்று வாதாடினார். தொகை குறைந்தால் இடங்கள் குறையும் என்பதை அவர் அறிந்திருந்தார். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு நூற்றுக்கு 73 என்று படிக்கிறோம்; பட்டியல் சாதியினரிடையே அது 66. முதல் எண் பொய்யன்று. ஆனால் நம் தெருவில் வெப்பமானி வைத்து எடுத்த எண் அதுவன்று. இரண்டையும் கேட்டுப் பெறுவதற்குத்தான் இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் உலர் வெப்பமானி ஒன்றும் ஈர வெப்பமானி ஒன்றும் வாங்கி, காற்றோட்டமுள்ள நிழலில், நான்கடி உயரத்தில் தொங்கவிடுங்கள். பங்குனி தொடங்கி ஆனி முடிய நாள்தோறும் பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒரு மாணவன் அல்லது மாணவி இரு அளவுகளையும் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடட்டும். ஈர அளவு உயரும் நாள்களில் நண்பகல் வேலையை நிறுத்தக் கோருங்கள். வேலையிடத்தில் எவரேனும் உளறினாலோ, மயங்கினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டாதீர்கள்.

அடுத்த கோடையில் அந்தக் குறிப்பேட்டைப் பார்க்க நான் வருவேன்.